ஷோ ஜம்பிங்: முதல் போட்டிக்கு முன்

ஷோ ஜம்பிங் எனப்படும் குதிரைத் தாண்டல் போட்டியில், எண்ணிட்டு நிறுத்திய தடைகளை அதே வரிசையில், கட்டை ஒன்றும் விழாமல், குறித்த நேரத்துக்குள் குதிரை தாண்டி முடிக்க வேண்டும். ஒலிம்பிக் களத்தில் தடைகள் 1.60 மீட்டர் உயரத்தையும் எட்டும். தொடக்கநிலைப் போட்டிகளில் பெரும்பாலும் 60 முதல் 80 சென்டிமீட்டர்தான். நல்ல உடல்நிலையில் உள்ள, பழகிய குதிரைக்கு அந்த உயரம் ஒரு பொருட்டே அல்ல. அப்படியிருந்தும் கட்டை விழுகிறது, குதிரை தடையின் முன் நின்றுவிடுகிறது என்றால், பெரும்பாலும் காரணம் தடைக்கு முந்திய சில மீட்டர் தரையில்தான் இருக்கிறது. வேகம், சமநிலை, நேராக வந்து சேரும் பாதை மூன்றும் அங்கேதான் அமைகின்றன, அங்கேதான் குலைகின்றன.

ஆகவே புதியவரின் பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி தாண்டலில் அல்ல, தரையில் ஓட்டுவதில் போக வேண்டும். ட்ராட் எனும் துள்ளுநடை, கேன்ட்டர் எனும் மித ஓட்டம் இரண்டிலும் ஒரே சீராக வட்டமிடுவது, நினைத்த இடத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, திருப்பத்தில் குதிரை உள்பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை கைவந்தாலே பாதித் தாண்டல் முடிந்துவிட்டது. கேன்ட்டரில் திரும்பும்போது எந்தப் பக்கம் திருப்பமோ அந்தப் பக்கத்து முன்னங்கால் முந்திச் செல்ல வேண்டும். மாறினால் குதிரை தடுமாறியபடியே அடுத்த தடைக்கு வந்து சேரும். அடுத்த படி, தரையில் கிடத்திய கட்டைகளை ட்ராட்டில் கடப்பது. அவற்றுக்கு இடையே ஏறத்தாழ 1.3 மீட்டர் விடுவார்கள். அதன்பின் இரு கட்டைகளைப் பெருக்கல் குறிபோல் சாய்த்து வைத்த சிறு தடை. அதன் நடுப்பகுதி தாழ்ந்திருப்பதால் குதிரை தானாகவே நடுவை நாடிப் பழகும். கட்டையைச் சீக்கிரம் உயர்த்திவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுக்காத பயிற்சியாளர் கிடைப்பது பெரிய நற்பேறு.

தாண்டும்போது உடலை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பியக் குதிரைவீரர்கள் பின்னால் சாய்ந்து, கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தே தாண்டினார்கள். குதிரையின் முன்னங்கால்களுக்கு அதனால் பாரம் குறையும் என்று நம்பினார்கள். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெதெரிகோ காப்ரில்லி (1868–1907), ஆளில்லாமல் தாண்டும் குதிரைகளைக் கூர்ந்து கவனித்தார். அவை தலையையும் கழுத்தையும் முன்னால் நீட்டி, முதுகை வளைத்துத் தாண்டின. முதுகில் அழுந்தி உட்கார்ந்து வாயை இழுக்கும் மனிதர்தான் அதற்குத் தடையாக இருந்தார். அங்கவடியின் வாரைக் குறுக்கி, இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, உடலை முன்னால் கொண்டுவந்து, கைகளைக் குதிரையின் வாயோடு போகவிடும் முறையை அவர் கற்பித்தார். இன்று உலகமெங்கும் தாண்டல் வீரர்கள் பின்பற்றுவது அந்த முறையின் வழிவந்ததே.

பயம் வந்தால் உடல் அந்தப் பழைய பிழைக்கே திரும்புகிறது. புதியவர் தடையைக் கண்டதும் பின்னால் சாய்ந்து வாரைப் பற்றிக்கொள்கிறார். தாண்டும் கணத்தில் குதிரையின் வாயில் வலி. இரண்டு முறை வலித்தால் மூன்றாம் முறை அது ஏன் தாண்ட வேண்டும்? பிடரி மயிரையோ, கழுத்தில் கட்டிய வாரையோ பிடித்துக்கொள்வது எளிய மாற்று. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பார்வை கீழே கட்டையில் பதியாமல், அடுத்த தடையில் இருக்க வேண்டும். குதிரை கால் எழுப்புமுன்பே கழுத்தின்மேல் கவிழ்வதும் பிழைதான்.

போட்டி தொடங்குமுன் களத்தை நடந்து பார்க்க அனுமதி உண்டு. இந்த நடையைத் தவறவிடக் கூடாது. சிவப்புக் கொடி வலப்புறமும் வெள்ளைக் கொடி இடப்புறமும் இருக்கும்படி தடையைக் கடக்க வேண்டும். கேன்ட்டரில் குதிரையின் ஒரு பாய்ச்சல் ஏறத்தாழ 12 அடி, அதாவது 3.6 மீட்டர், மூன்றடி எட்டு வைத்தால் மனிதருக்கு நான்கு எட்டு. தாண்டி இறங்க இரண்டு எட்டு, அடுத்த தடைக்கு எழும்ப இரண்டு எட்டு என ஒதுக்கிவிட்டு மீதியை நான்கால் வகுத்தால், இடையில் எத்தனை பாய்ச்சல் என்று தெரிந்துவிடும். எட்டு எட்டுகள் என்றால் ஒரு பாய்ச்சல். பன்னிரண்டு என்றால் இரண்டு. தாழ்ந்த தடைகளிலும் மட்டக் குதிரைகளிலும் பாய்ச்சல் குறுகும் என்பதால், தன் குதிரையின் அளவைப் பயிற்சியிலேயே அறிந்திருக்க வேண்டும். களத்தின் வாயில் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். பல குதிரைகள் வாயிலை நோக்கி விரையும், அதைவிட்டு விலகும்போது தயங்கும்.

விதிகளில் சிலவற்றை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. மணி ஒலிக்குமுன் தொடக்கக் கோட்டைத் தாண்டி முதல் தடையைக் கடந்தாலோ, தடைகளின் வரிசை மாறினாலோ, வீரர் விழுந்தாலோ ஆட்டத்திலிருந்து நீக்கம். கட்டை விழுந்தால் 4 தண்டப் புள்ளிகள். குதிரை முதல்முறை மறுத்தாலும் 4. சர்வதேச விதிப்படி இரண்டாம் மறுப்போடு ஆட்டம் முடிந்தது. தொடக்கநிலைப் போட்டிகள் சிலவற்றில் மூன்றாவது வரை விடுவார்கள். நேரம் கடந்தாலும் தண்டம் உண்டு. ஆனால் சீரான கேன்ட்டரில் சுற்றினால் நேரம் பொதுவாகப் போதும். முதல் போட்டியில் வேகத்தைத் துரத்த வேண்டியதில்லை.

குதிரை மறுத்தால் உடனே சாட்டையைத் தேடக் கூடாது. விலகி ஒரு வட்டமிட்டு, கேன்ட்டரைச் சீராக்கி, கால்களால் உறுதியாக அணைத்து மீண்டும் நேராகக் கொண்டுவர வேண்டும். அடிக்கடி மறுக்கும் குதிரைக்குப் பிடிவாதம் என்று பெயர் சூட்டுமுன் முதுகு, பல், லாடம், சேணத்தின் பொருத்தம் ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரும் லாடம் அடிப்பவரும் பார்க்கட்டும். வலியால் மறுக்கும் குதிரையை அடித்துத் தாண்டவைப்பது அநியாயம், ஆபத்தும்கூட.

பாதுகாப்பில் சிக்கனம் பார்க்க இடமில்லை. தாடைவார் இறுகக் கட்டிய, தரச்சான்று பெற்ற ஹெல்மெட் வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும். மார்புக் கவசமும், குதிகால் உள்ள பூட்ஸும் அவசியம்.

சுற்று முடிந்ததும் வயிற்றுவாரைத் தளர்த்தி, மூச்சு அடங்கும்வரை குதிரையை நடத்தி, தண்ணீர் காட்ட வேண்டும். நான்கு கால்களையும் கையால் தடவி, சூடோ வீக்கமோ உண்டா என்று பார்ப்பதை மறுநாள் காலையிலும் ஒருமுறை செய்ய வேண்டும். சில காயங்கள் இரவு கழிந்த பிறகே தெரியவரும்.