உங்களுக்குத் தெரியுமா? ஓட்டு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?

● வெம்பக்கோட்டைப் பக்கம் கண்டியாபுரம், சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டம், விருதுநகரை ஒட்டி குல்லூர்சந்தை. நம் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ள ஊர்களில் சில இவை. முகாம்வாசிகளுக்கு ஆதார் உண்டு, ரேஷன் அரிசி உண்டு, மாதாமாதம் அரசு உதவித்தொகையும் உண்டு. ஓட்டு மட்டும் கிடையாது. அரசியல் சாசனத்தின் 326-வது பிரிவு அதைக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. ஆதார் குடியுரிமைச் சான்று ஆகாது.

● முகாமிலேயே பிறந்தவருக்கு? பிறந்த தேதியைச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும் பிறப்பால் இந்தியரே. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுத்தார்கள். வழக்குப் போட்டார். 2022-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2024 ஏப்ரல் 19 அன்று, திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் முதன்முதலாக ஓட்டுப் போட்டார். 18 வயதில் போட்டிருக்க வேண்டிய ஓட்டு! 20 வருடம் தாமதம்.

● இன்னும் விசித்திரம் கேளுங்கள். படகில் வந்த முகாம் இளைஞர் உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறார். மூத்த பிள்ளை 2003-ல் பிறந்தால் தாய்வழியில் இந்தியர், ஓட்டு உண்டு. இளையது 2005-ல் பிறந்தால் இல்லை. 2004 டிசம்பர் 3 முதல், தாய் தந்தையில் ஒருவர் இந்தியர் என்றால் மட்டும் போதாது. மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கவும் கூடாது. ஒரே வீடு, ஒரே சோற்றுப்பானை, சட்டத்துக்கு மட்டும் இரண்டு தேசம்.

● இலங்கையில் 1947 பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு, அடுத்த தேர்தலில் ஓட்டு இல்லை. 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் சட்டத் திருத்தமும் செய்த வேலை. இவர்களின் முன்னோர் போனது எங்கிருந்து? நம் பழைய ராமநாதபுரம் சீமையும் அதில் உண்டு. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா சம்மதித்தது. ஒப்பந்தப்படி குடியுரிமை பெற்று வந்தவர் இங்கே வாக்காளர். அதே மலையகத்திலிருந்து 1983-க்குப் பிறகு படகேறி வந்தவர் அகதி.

● லண்டனில் முறையான விசாவோடு தங்கிப் படிக்கும் தாயில்பட்டிப் பையன், பதிவு செய்துகொண்டால் பிரிட்டன் பாராளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். காமன்வெல்த் நாட்டவருக்கு அங்கே அந்த உரிமை உண்டு. இலங்கைக்காரருக்கும் தான்.

● நியூசிலாந்தில் நிரந்தர வசிப்புரிமையும் ஒரு வருட வாசமும் போதும். உருகுவேயில் 15 வருடம்.

● ஸ்வீடனில் 1976 முதல் வெளிநாட்டவரும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். தெருக்குழாய்க்கும் சாக்கடைக்கும் ஓட்டுப் போட பாஸ்போர்ட் எதற்கு என்ற நியாயம்தான். நம் ஊராட்சித் தேர்தலுக்கோ சட்டமன்ற வாக்காளர் பட்டியலே அடிப்படை. முகாம் தெருவுக்கு விளக்குப் போடாத தலைவரை முகாம்வாசி தோற்கடிக்க முடியாது. இதையாவது மாற்றலாம் என்பது என் கட்சி.

● பட்டாசு ஆலைக்கு வேலைக்கு வரும் பீகார்காரர்? அவர் இந்தியக் குடிமகன். இங்கேயே வழக்கமாகக் குடியிருந்தால் படிவம் 6 (வேறு ஊரில் ஏற்கெனவே வாக்காளர் என்றால் படிவம் 8) கொடுத்து இங்கேயே வாக்காளர் ஆகலாம். ஆனால் சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் நீடிக்கக் கூடாது. இரண்டு ஊரில் ஓட்டு வைத்திருப்பது குற்றம்.