ரெண்டு டிஸ்க் இருக்கு பாஸ்... ஆனா காப்பி எங்கே?

'ரெய்டு'ன்னு சொன்னதும் வருமான வரி அதிகாரிங்க வீட்டு வாசல்ல வந்து இறங்குற சீன் ஞாபகம் வருதா? இது அந்த ரெய்டு இல்லை. ஆனா தெரியாம கை வெச்சா, இதுலேயும் எல்லாம் காலி!

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ் பிடிச்சு விருத்தாசலத்துல காலேஜ் படிக்கிற ஆள் நீங்கன்னு வெச்சுக்குவோம். லீவு நாள்ல கல்யாணம், காதுகுத்துன்னு வீடியோ எடுத்துக் கைச்செலவுக்குத் தேத்துறீங்க. உள்ளே ரெண்டு 4 டிபி டிஸ்க் இருக்கிற எக்ஸ்டர்னல் பெட்டி ஒண்ணும் வாங்கியாச்சு. செருகினா, ஒரே டிரைவா 8 டிபி! வில்லங்கமே அங்கேதான்.

அதுதான் ரெய்டு 0. ஒவ்வொரு ஃபைலையும் துண்டு போட்டு, இந்த டிஸ்க்குல ஒண்ணு, அந்த டிஸ்க்குல ஒண்ணுன்னு மாத்தி மாத்தி எழுதும். ரெண்டு பேர் சேர்ந்து நாத்து நடுற மாதிரி வேலை சீக்கிரம் முடியும். ஆனா ஒரு டிஸ்க் படுத்துட்டா, மிச்சம் இருக்கிறது அரைகுறைத் துண்டுகள்தான். பொண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை! சில கம்பெனிகள் பெட்டியை இந்த செட்டிங்லேயே அனுப்புறாங்க.

ரெய்டு 1 வேற ரகம். ஒரு டிஸ்க்குல எழுதுறதை அப்படியே இன்னொண்ணுலேயும் எழுதும். இடம் 4 டிபிதான், ஆனா ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும். விலை குறைஞ்ச டிஸ்க்குகளைக் கூட்டுச் சேர்த்தா காஸ்ட்லி டிஸ்க்குக்கு ஈடுகட்டலாம்னு பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூணு பேரும் 1988-ல் எழுதின கட்டுரையிலிருந்து வந்த பெயர்தான் ரெய்டு.

சரி, 0-விலிருந்து 1-க்கு மாறிடலாமே? மாறலாம். சில பெட்டிகள்ல பின்னாடி ஒரு சுவிட்ச், சிலதுல கம்பெனி தர்ற சாஃப்ட்வேர். ரெண்டே நிமிஷம்! ஆனா நம்ம விருத்தாசலம் பீங்கான் பொம்மையை நினைச்சுக்கோங்க. சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மையைப் பிசைஞ்சு வேற பொம்மை பண்ணலாம். மண் அப்படியே இருக்கும், பழைய பொம்மை இருக்காது. இந்த ரெண்டு டிஸ்க் பெட்டிகள்லேயும் அதே கதைதான். ரெய்டை மாத்தினா உள்ளே இருந்ததெல்லாம் அழியும். மறுபடி பழைய செட்டிங்குக்குத் திருப்பினாலும் திரும்பி வரும்னு நம்பாதீங்க.

அதனால மூணாவதா ஒரு டிஸ்க் கடன் வாங்கியாவது முதல்ல காப்பி எடுங்க. விநாடிக்கு 100 எம்பி வேகம்னா 1 டிபி-க்குக் கிட்டத்தட்ட மூணு மணி நேரம். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டுன்னா ராத்திரி முழுக்க ஓடும். நடுவுல கரன்ட் போகும், யுபிஎஸ் இருக்கிற இடமாப் பார்த்து உட்காருங்க. முடிஞ்சதும் ஃபைல் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. நாலஞ்சு வீடியோவைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் மாத்துங்க. புதுசா ஃபார்மட் பண்றப்போ 'ஜிபிடி'யைத் தேர்ந்தெடுங்க. 'எம்பிஆர்' போட்டா பொதுவா 2 டிபி-க்கு மேல இடம் கிடைக்காது.

"அப்போ ரெய்டு 1 வந்தாச்சு, இனிமே கவலையில்லை"ன்னு அந்த மூணாவது டிஸ்க்கை அழிச்சிடாதீங்க! தூக்கக் கலக்கத்துல ஒரு ஃபோல்டரை டெலீட் பண்ணினா, ரெண்டு டிஸ்க்குலேயும் சேர்ந்தே போயிடும். கண்ணாடி உங்க தப்பையும்தானே காட்டும்?

பிக்ஸார் கம்பெனிக்கே இந்த கதி. 1998-ல் 'டாய் ஸ்டோரி 2' வேலை நடந்துட்டிருந்தப்போ யாரோ தட்டின ஒரு கட்டளையில் படத்தோட ஃபைல்கள் மளமளன்னு அழிஞ்சுது. பேக்கப்பை எடுத்துப் பார்த்தா, அதுவும் கோளாறு. கடைசியில் காப்பாத்தினது, குழந்தை பெத்து வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சஸ்மனோட கம்ப்யூட்டர்ல இருந்த ஒரு காப்பி! போர்வையில் சுத்தி கார்ல வெச்சுப் பத்திரமா ஓட்டிக்கிட்டு வந்தாங்களாம். படம் 1999-ல் ரிலீஸாச்சு.

உங்க மூணாவது டிஸ்க்கையும் அதே மேஜையில் வெக்காதீங்க. 2011 டிசம்பர்ல 'தானே' புயல் நம்ம மாவட்டத்தை என்ன பாடு படுத்திச்சுன்னு வீட்டுல கேட்டுப் பாருங்க. டிஸ்க்கை ஒரு பழைய துணியில சுத்தி, அடுத்த தடவை அக்கா வீட்டுக்குப் போறப்போ அவங்க பீரோவுல வெச்சுட்டு வாங்க. மேலே தேதி எழுதி ஒட்ட மறந்துடாதீங்க!