நாடி பார்க்கும் கருவி

உத்தனப்பள்ளியிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் ஒரு கார் திணறி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். “பெட்ரோல் பம்பு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்” என்கிறார் ஒருவர். ஆயிரக்கணக்கில் செலவு! அவர் கூறுவது உண்மைதானா?

பழைய அம்பாசிடர் காரில் பம்பு எஞ்சினின் பக்கத்திலேயே இருந்தது. கழற்றிப் பார்த்துவிடலாம். இக்காலக் கார்களிலோ அது டாங்கியினுள் மூழ்கியிருக்கும் மின்சாரப் பம்பு. ஆகவே, வைத்தியர் நாடி பார்ப்பது போல மெக்கானிக் ‘ஸ்கேனர்’ என்ற கருவியால் சோதிக்கிறார். ஸ்டீயரிங்கின் கீழே 16 முனைகள் கொண்ட சாக்கெட்டில் அதைப் பொருத்துவார். இம்முறை அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் கார்கள் முதலும், நம் நாட்டில் 2013 ஏப்ரல் முதலும் கட்டாயமாயிற்று.

சாவியைத் திருப்பியதும், காரிலுள்ள கணிப்பொறி குறித்து வைத்திருக்கும் கோளாறு எண்கள் தெரியும். ‘பி 0230’ என்றால் பம்பின் மின்சுற்றில் கோளாறு. அழுத்தம் அளக்கும் சென்சார் உள்ள கார்களில் ‘பி 0087’ என்று வந்தால் எரிபொருள் அழுத்தம் குறைவு. உடனே பம்பை மாற்றிவிடலாமா? கூடாது! தெர்மாமீட்டர் காய்ச்சலைக் காட்டும். காரணத்தைக் காட்டாது அல்லவா?

அடுத்து, ஸ்கேனர் வழியாகவே பம்பை ஓடச் செய்யலாம். அப்போது டாங்கி அருகே ‘உம்’ என்ற ஓசை கேட்கவேண்டும். கேட்காவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே, அதன்பின் வயர்களைப் பார்க்கவேண்டும். பம்புவரை 12 வோல்ட் மின்சாரம் சரியாக வந்தும் அது ஓடவில்லையானால், பழுது பம்பில்தான்.

ஓசை கேட்டும் கார் திணறுகிறதா? சென்சார் இல்லாத கார்களில் ஸ்கேனர் அழுத்தத்தைக் காட்டாது. பெட்ரோல் குழாயில் அழுத்தமானியைப் பொருத்தியே அளக்கவேண்டும். பல பெட்ரோல் கார்களில் 3 முதல் 4 பார் வரை இருக்கும். அந்தந்தக் காரின் கையேட்டில் உள்ள அளவே சரியான அளவு. அழுத்தம் குறைந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். குழாயைக் கழற்றும்போது பெட்ரோல் பீறிடும். அருகில் நெருப்பு ஆகாது. இது பழகியவர் செய்யவேண்டிய வேலை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை: டாங்கியிலுள்ள பெட்ரோலே பம்பைக் குளிர்விக்கிறது. எப்போதும் அடிமட்டத்தில் வைத்து ஓட்டினால் பம்பின் ஆயுள் குறையும்.

தோழியரே! சில ரூபாய் ஃபியூஸ் எரிந்ததற்காக நல்ல பம்பைக் குப்பையில் எறிவது நியாயமா? கருவி சாட்சி மட்டுமே சொல்லும். விசாரித்துத் தீர்ப்புக் கூற வேண்டியவர் மனிதரே!