பிடித்த பாடகரை நேரில் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்வது ஏன்?

கச்சேரி முழுக்கக் கைதட்டித் தீர்த்தாச்சு. மேடைக்குப் பின்னால் போய் நிற்கவும் இடம் கிடைத்துவிட்டது. பத்து வருடமாக ஹெட்போனில் கேட்ட குரலுக்குச் சொந்தக்காரர் எதிரே நின்று சிரிக்கிறார். நம் வாயில் வருவதோ, "சார்... நான் உங்க பெரிய ஃபேன் சார்" மட்டும்தான். அவர் "தேங்க்யூ" என்கிறார். பதிலுக்கு நாமும் "தேங்க்யூ" என்கிறோம். அவ்வளவுதான், முடிந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் "ச்சே, இப்படியா உளறுவேன்" என்ற புலம்பல்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு மட்டும் நடப்பதல்ல இது. மணிக்கணக்கில் பேசக்கூடியவர்களும் அந்த இடத்தில் ஊமையாகிவிடுகிறார்கள்.

அவரை நமக்குத் தெரியும், நம்மை அவருக்குத் தெரியாது

அமெரிக்க ஆய்வாளர்கள் டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வானொலியிலும் டிவியிலும் தினமும் கேட்டுப் பார்த்துப் பழகிய ஒருவரை, நேரில் சந்திக்காமலேயே மக்கள் நெருங்கிய நண்பராக உணர்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன விஷயம். 'பாராசோஷியல்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒருபக்க உறவு என்று சொல்லலாம்.

இசையில் இது இன்னும் ஆழமாக இறங்கும். ஒரு படத்தை இரண்டு மூன்று முறை பார்ப்போம். பாட்டை நூறு முறை கேட்போம், அதுவும் தனியாக, ராத்திரி தூக்கம் வராதபோது, யாராவது நம்மை விட்டுப் போனபோது. அந்தக் குரல் நம் சொந்தக் கதைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவருக்கோ நாம் அன்றைக்குப் பார்க்கும் நாற்பதாவது முகம்.

ஆக, நண்பரிடம் பேசுகிற உரிமையும் புதியவரிடம் காட்டுகிற மரியாதையும் ஒரே நேரத்தில் தொண்டையில் முட்டிக்கொள்கின்றன. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறோம்.

வழக்கம் இருந்த இடத்தில் திணறல் குறைவு

இந்துஸ்தானி இசை விழாக்களில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. புனேயில் டிசம்பரில் நடக்கும் சவாய் கந்தர்வ விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். பீம்சேன் ஜோஷி தன் குருவின் நினைவாக 1953-ல் தொடங்கியது. வாரணாசி சங்கட் மோச்சன் கோயிலிலோ விடிய விடிய இலவசமாகவே கச்சேரி கேட்கலாம். இப்படிப்பட்ட இடங்களில் கலைஞரைச் சந்தித்தால் காலைத் தொட்டு, "பிரணாம்" சொல்லி, நகர்ந்துவிடலாம். என்ன செய்வது என்று யோசிக்கவே வேண்டாம், உடம்புக்குத் தெரியும். அதில் இருக்கும் ஏற்றத்தாழ்வு சிலருக்குப் பிடிக்காது, நியாயம்தான். ஆனால் பத்து நொடி சந்திப்பைக் கௌரவமாக முடித்துவைக்க அது உதவியது.

ராக், பாப், சினிமா இசை நிகழ்ச்சிகளில் அப்படி ஒன்று உருவாகவில்லை. அந்த வெற்றிடத்தை செல்ஃபி நிரப்பிவிட்டது. சில வெளிநாட்டுக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளில் கூட நின்று படம் எடுக்கவே தனி டிக்கெட் விற்கிறார்கள். பேச வராதவர்களுக்கு ஃபோன் ஒரு கேடயம். அதுவே எல்லை மீறியும் போகிறது. 2023 பிப்ரவரியில் மும்பை செம்பூரில் சோனு நிகம் பாடிவிட்டு மேடையிலிருந்து இறங்கியபோது, செல்ஃபிக்காக நடந்த தள்ளுமுள்ளில் அவருடன் வந்த ஒருவர் கீழே விழுந்து காயமடைந்தார். போலீஸ் வழக்கு வரை போனது.

'என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க?'

கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு, பாடகர் பாரி மானிலோ படம் போட்ட டி-ஷர்ட்டைப் போட்டுவிட்டு, ஆட்கள் நிறைந்த அறைக்குள் அனுப்பினார்கள். அதைப் போட்டுக்கொள்வதே அவர்களுக்குக் கூச்சம். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். 2000-ல் வெளியான ஆய்வு இது. 2018-ல் வந்த இன்னொரு ஆய்வில், புதியவரோடு பேசி முடித்தவர்கள், எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

இரண்டுமே சாதாரண ஆட்களை வைத்துச் செய்தவை, நட்சத்திரங்களை வைத்து அல்ல. இருந்தாலும் நம் உளறலை நாம்தான் பெரிதாக நினைக்கிறோம் என்பது இங்கேயும் பொருந்தும் என்றே தோன்றுகிறது. அன்று இரவு அந்தப் பாடகருக்குக் கவலைப்பட வேறு விஷயங்கள் இருக்கும்: சாப்பாடு, மறுநாள் விமானம், முக்கியமாகத் தொண்டை. இரண்டு மணி நேரம் பாடிய பிறகு கூட்டத்தின் சத்தத்தை மீறிப் பேசுவது குரலுக்குக் கூடுதல் சுமை.

சரி, என்னதான் பேசுறது? "சூப்பர் சார்" என்பதற்கு "தேங்க்யூ" தவிர வேறு பதில் கிடையாது. அதற்குப் பதில் குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள். "மார்வாவில அந்த ரிஷபத்துல அப்படியே நின்னீங்களே, அங்கே எனக்கு மூச்சே நின்னுடுச்சு" என்றால் அவருக்கும் பேச ஒரு பிடி கிடைக்கும். ராகமெல்லாம் தெரியாதா? எந்தப் பாட்டை எந்த நாளில் கேட்டீர்கள் என்று ஒரே வரியில் சொன்னாலும் போதும். வரிசையில் நிற்கும்போதே அந்த வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். படம் வேண்டுமென்றால் பேசிவிட்டுக் கேளுங்கள். வேண்டாம் என்றால் ஃபோனைப் பையில் போட்டுவிட்டு, பின்னால் நிற்பவருக்கு வழிவிடுங்கள்.