ஆட்டோ கிளீன் சிம்னி: பட்டன் எதைச் சுத்தம் செய்கிறது, எதை விட்டுவிடுகிறது?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் டிஸ்க் கிளீனப் வசதியை நம்மில் பலர் பயன்படுத்தியிருப்போம். அதை இயக்கினால் தற்காலிக ஃபைல்கள் நீங்கும், கொஞ்சம் இடம் கிடைக்கும். அதற்காக ஹார்ட் டிஸ்க் முழுவதும் சுத்தமாகிவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் சமையலறையில் மாட்டியிருக்கும் ஆட்டோ கிளீன் சிம்னி விஷயத்தில் மட்டும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம். பட்டனை அழுத்தினோம், சிம்னி சுத்தமாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

என் சொந்த ஊர் ராஜபாளையம். சாப்ட்வேர் வேலை பார்ப்பவன் ஊருக்கு வந்தால் மிக்ஸி முதல் தண்ணீர் மோட்டார் வரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் தெரு வழக்கம். சமீப ஆண்டுகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி சிம்னி பற்றியது. புதிதாகக் கட்டும் வீடுகளில் மாடுலர் கிச்சனும் அதன் மேல் ஒரு சிம்னியும் சாதாரணமாகிவிட்டன. எண்ணெய்ப் பலகாரம் அதிகம் செய்யும் ஊர்ப்பக்கம் இது நல்ல விஷயம்தான். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் பயன்படுத்தினால், புகையை வெளியேற்ற வைத்த அதே பைப் தீயை ஏற்றிச் செல்லும் வழியாக மாறக்கூடும். அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சிம்னி எப்படி வேலை செய்கிறது?

அடுப்பிலிருந்து எழும் ஆவியில் நீராவியோடு மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகளும் இருக்கின்றன. சிம்னியின் உள்ளே இருக்கும் புளோயர் இந்தக் காற்றை மேலே இழுக்கிறது. வழியில் பேஃபில் ஃபில்டர் என்ற வளைந்த ஸ்டீல் தகடுகள் இருக்கின்றன. காற்று அந்த வளைவுகளில் சட்டென்று திரும்பிப் போய்விடும். காற்றைவிடக் கனமான எண்ணெய்த் துளிகளால் அப்படித் திரும்ப முடியாது. வேகமாகப் போகும் பஸ் வளைவில் திரும்பும்போது நிற்கும் பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்வது போல, அவை தகட்டில் மோதி ஒட்டிக்கொள்ளும்.

ஃபில்டர் இல்லாத மாடல்களிலும் இதே தத்துவம்தான். அங்கே சுழலும் புளோயரே துளிகளைச் சுவரில் வீசி எறிகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எந்த முறையானாலும் எல்லாத் துளிகளும் பிடிபடுவதில்லை. மிக நுண்ணியவை காற்றோடு சேர்ந்து தப்பித்து, புளோயரைத் தாண்டி, சுவர் வழியாக வெளியே செல்லும் பைப்புக்குள் நுழைகின்றன. அங்கே குளிர்ந்து படிகின்றன.

பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது?

பெரும்பாலான ஹீட் ஆட்டோ கிளீன் மாடல்களில் புளோயரைச் சுற்றி ஒரு ஹீட்டர் காயில் இருக்கும். பட்டனை அழுத்தியதும் அது சில நிமிடங்கள் சூடாகும். புளோயரில் ஒட்டிய எண்ணெய் இளகி, வழிந்து, கீழே உள்ள ஆயில் கலெக்டர் என்ற சிறு கிண்ணத்தில் சேரும். சில மாடல்கள் தண்ணீரைத் தெளித்தும் கழுவுகின்றன.

அவ்வளவுதான். அந்தச் சூடு புளோயருக்கு மேலே உள்ள பைப்புக்குப் போய்ச் சேருவதில்லை. பேஃபில் ஃபில்டர் உள்ள மாடலில் அந்தத் தகடுகளையும் நாம்தான் கழற்றிக் கழுவ வேண்டும்.

ராஜபாளையத்தில் என் அத்தை வீட்டில் சிம்னி மாட்டி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. விற்ற கடையில் "மெயின்டனன்ஸே தேவையில்லை" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டெக்னீஷியனை வைத்து பைப்பைக் கழற்றிப் பார்த்தோம். மடிப்பு மடிப்பான அந்த அலுமினியப் பைப்பின் ஒவ்வொரு மடிப்பிலும் தேன் நிறத்தில் பிசின் போல எண்ணெய் உறைந்திருந்தது. வளைவில் விரல் கனத்துக்குச் சேர்ந்திருந்தது. "ஏப்பா, வாரம் தவறாம பட்டன அமுக்குறேனே, பெறகு எப்படி இம்புட்டு எண்ணெய்?" என்று கேட்டார் அத்தை. அவர் பட்டனை ஒழுங்காகத்தான் அழுத்தியிருக்கிறார். அந்தப் பட்டனுக்கும் பைப்புக்கும் சம்பந்தமே இல்லை என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

எண்ணெய் ஏன் பிசினாகிறது?

புது இரும்பு தோசைக்கல்லைப் பழக்குவது எப்படி என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். எண்ணெய் தடவிச் சூடாக்கி, மறுபடி தடவிச் சூடாக்கிச் செய்வார்கள். எண்ணெய் சூட்டிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனிலும் மாறி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான படலமாகிவிடுகிறது. இதைப் பாலிமர் ஆவது என்கிறோம். அப்படியான பின் அது உருகாது.

தோசைக்கல்லில் இது நமக்கு வேண்டியது. சிம்னியில் வேண்டாதது. எனவே ஆட்டோ கிளீன் பட்டனை எண்ணெய் இன்னும் இளகிய நிலையில் இருக்கும்போதே, அதாவது அடிக்கடி பயன்படுத்தினால்தான் பலன் உண்டு. ஆறு மாதம் விட்டுவிட்டு அழுத்தினால் ஹீட்டர் சூடாவதுதான் மிச்சம்.

தீ மேலே போவது எப்படி?

கடலை எண்ணெய் சுமார் 230 டிகிரி செல்சியஸில் புகையத் தொடங்கும். அடுப்பை அணைக்காமல் விட்டு, சூடு 350 டிகிரியைத் தாண்டிப் போனால், தீப்பொறி இல்லாமலேயே தானாகப் பற்றிக்கொள்ளும் நிலை வரும். அப்போது எழும் ஜுவாலையை மேலே ஓடிக்கொண்டிருக்கும் புளோயர் இழுக்கிறது. ஃபில்டரில் எண்ணெய் இருந்தால் அது பற்றும். அதைத் தாண்டினால் பைப். உள்ளே எரிபொருள் தயாராகப் படிந்திருக்கிறது. காற்றைப் புளோயரே கொடுக்கிறது. பைப் பெரும்பாலும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் மர அலமாரிக்கும் நடுவே மறைந்து செல்வதால், அங்கே பற்றிய தீ நம் கண்ணுக்குத் தெரியவே நேரமாகும்.

செலவு குறைவு என்று சில வீடுகளில் பி.வி.சி. பைப்பைப் போட்டுவிடுகிறார்கள். பி.வி.சி. சுமார் 80 டிகிரியிலேயே இளகும். எரிந்தால் மூச்சை அடைக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். இதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

விறகு அடுப்புக்கும் இதே கதைதான்

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர்ப் பால்கோவா, பாலையும் சர்க்கரையையும் அகன்ற வாணலியில் மணிக்கணக்கில் கிண்டி எடுப்பது. அதை விறகு அடுப்பில் செய்யும் இடங்கள் இன்னும் உண்டு. விறகுப் புகை போகும் புகைபோக்கியில் படிவது எண்ணெய் அல்ல, கரியும் தார் போன்ற பிசினும். இந்தப் பிசினைக் கிரியோசோட் என்பார்கள். ஈர விறகு எரிந்தாலும், காற்று போதாமல் அடுப்பு புகைந்தாலும் இது அதிகமாகும். புகை சுமார் 120 டிகிரிக்குக் கீழே குளிரும்போது சுவரில் படியத் தொடங்கும். இது பற்றினால் புகைபோக்கிக்குள் சூடு 1000 டிகிரியைத் தாண்டலாம்.

இதற்குத் தீர்வு எளிமையானது. காய்ந்த விறகு, தாராளமான காற்று, குறித்த நாளில் பிரஷ். கடைசிச் சாமானை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1980களில் தொடங்கி 2002 வரை மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டத்தை நடத்தியது. குழாய் வைத்த அடுப்புகள் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போயின. குழாயைச் சுத்தம் செய்யாததால் பல இடங்களில் அது அடைத்து, புகை மறுபடி வீட்டுக்குள் வந்தது.

கருவி இருந்தும் பயன்படாத 70 ஆண்டுகள்

சிம்னி சுத்தம் செய்யும் கருவி புதிதல்ல. லண்டனில் சிறுவர்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றிக் கரி சுரண்ட வைத்த காலத்தில், 1803-ல் ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் கீழே நின்றபடியே மேலே தள்ளும் பிரஷ் கருவியைச் செய்தார். உள்ளே கயிறு கோர்த்த குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து நீளமாக்கலாம். 1828-ல் ஜோசப் கிளாஸ் என்பவர் பிரம்புக் கழிகளைக் கொண்டு அதை மேம்படுத்தினார். இன்றும் பிரஷ் கருவிகள் ஏறக்குறைய அதே வடிவம்தான். இப்போது கழிகள் நைலானில் வருகின்றன. முனையை டிரில்லிங் மெஷினில் மாட்டிச் சுழற்றவும் முடிகிறது.

ஆனால் கருவி வந்த பின்னும் சிறுவர்கள் ஏறுவது நிற்கவில்லை. ஒரு முக்கியக் காரணம், வீடுகளின் புகைபோக்கிகள் வளைந்து வளைந்து போயின. பிரஷ் அந்த வளைவுகளில் திரும்பாது என்று சொல்லப்பட்டது. புகைபோக்கியை மாற்றிக் கட்ட வீட்டுக்காரர்கள் தயாராக இல்லை. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் ஏறக்கூடாது என்று 1840-ல் சட்டம் வந்தும் மீறப்பட்டது. 1875-ல் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் ஒரு புகைபோக்கியில் சிக்கி இறந்தான். அதே ஆண்டு வந்த கடுமையான சட்டம்தான் இந்தக் கொடுமைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இதில் நமக்குள்ள பாடம் நேரடியானது. கருவி எவ்வளவு நல்லதானாலும், அது நுழைய முடியாத பாதையை அமைத்தால் பயன் இல்லை.

மில்லில் இருப்பது வீட்டில் இல்லை

ராஜபாளையத்தில் 1936-லேயே நூற்பாலை வந்துவிட்டது. நூற்பாலைகளின் புளோரூமில் பஞ்சு பெரிய குழாய்கள் வழியே காற்றில் பறந்து செல்லும். உள்ளே ஒரு சிறு பொறி இருந்தாலும் ஆபத்து. அதனால் இப்போதைய புளோரூம்களில் குழாயிலேயே ஸ்பார்க் டிடெக்டர் வைக்கிறார்கள். அகச்சிவப்புக் கதிரை உணரும் சென்சார் பொறியைக் கண்டதும், கண் இமைக்கும் நேரத்தில் ஒரு கதவு திறந்து அந்தப் பஞ்சைத் தனிப் பெட்டிக்குத் திருப்பிவிடும்.

நம் வீட்டுச் சிம்னியில் கை அசைத்தால் இயங்கும் சென்சார் வருகிறது. பைப்பில் எவ்வளவு எண்ணெய் படிந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார் சாதாரண மாடல்களில் இல்லை. அந்த சென்சார் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. சுத்தம் செய்யும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். அடுப்பு ஆறியிருக்க வேண்டும்.

2. பேஃபில் ஃபில்டரை மாதம் ஒரு முறையாவது வெந்நீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் ஊறவைத்துக் கழுவுங்கள். பொரிப்பது அதிகமானால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அலுமினியப் பாகங்களில் காஸ்டிக் சோடா படக்கூடாது. அது அலுமினியத்தை அரிப்பதோடு, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவையும் வெளியிடும்.

3. ஆட்டோ கிளீன் பட்டனை மாடலுக்கான கையேட்டில் சொன்ன இடைவெளியில் தவறாமல் இயக்குங்கள். ஆயில் கலெக்டரை நிரம்பும் முன் காலி செய்யுங்கள்.

4. ஆண்டுக்கு ஒரு முறை பைப்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மடிப்புள்ள அலுமினியப் பைப்பில் பிசின் உறைந்திருந்தால் தேய்ப்பதைவிடப் புதிதாக மாற்றுவது நல்லது. உள்பக்கம் வழுவழுப்பான ஸ்டீல் பைப் என்றால் பிரஷ் எளிதாகப் போகும்.

5. வெளியே பைப் முடியும் இடத்தைப் பாருங்கள். அங்குள்ள மூடி எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், பறவை கூடு கட்டியிருக்கலாம்.

6. ஒரு சுலபமான சோதனை: சிம்னியை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஃபில்டரின் கீழ் ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைப் பிடியுங்கள். ஒட்டிக்கொள்ளாமல் விழுந்தால் இழுவை குறைந்துவிட்டது. சத்தம் முன்பைவிடக் கீச்சென்று கேட்டாலும் அடைப்பு இருக்கலாம். வேக்குவம் கிளீனரின் வாயைக் கையால் மூடினால் சத்தம் கூடுவது இதே காரணத்தால்தான்.

தீ பிடித்துவிட்டால்

அடுப்பை அணையுங்கள். உடனே சிம்னியையும் அணையுங்கள். பலரும் புகை போகட்டும் என்று வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். அது தீயை பைப்புக்குள் இழுக்கும். வாணலியைப் பொருத்தமான மூடியால் மூடுங்கள். எரியும் எண்ணெயில் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை வெளியே தூக்கி வீசும். தீ சிம்னிக்குள் சென்றுவிட்டால் மெயின் சுவிட்சை அணைத்து, எல்லோரும் வெளியேறி 101-க்கு போன் செய்யுங்கள்.

கேஸ் கசிந்த வாடை வந்தால் சிம்னியைப் போடவே கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். மேலே இருக்கும் சிம்னி அதை முழுவதும் இழுக்காது. ஆனால் சுவிட்சில் வரும் பொறி போதும், அதைப் பற்றவைக்க. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்தபின் 1906 என்ற அவசர எண்ணுக்குப் பேசலாம்.

புதிதாகச் சிம்னி வாங்கப் போகிறவர்கள் இழுவைத் திறன், டச் பேனல், சென்சார் பற்றியெல்லாம் விசாரிப்பார்கள். கடைக்காரரிடம் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "இந்தப் பைப் எந்த வழியாகப் போகும், அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய எங்கே திறக்க வேண்டும்?" பைப் குட்டையாக, நேராக, ஒரே ஒரு வளைவோடு போகட்டும். ஃபால்ஸ் சீலிங்கில் கைபோகும் அளவுக்கு ஒரு மூடி வைக்கச் சொல்லுங்கள். கார்பென்டர் வேலை முடியும் முன் இதைச் சொன்னால் செலவு அதிகம் இல்லை. ஏற்கெனவே சிம்னி இருப்பவர்கள், இன்றே மொபைல் காலண்டரில் ஒரு ரிமைண்டர் போட்டு வையுங்கள். தீபாவளிப் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பாக அது ஒலிக்கட்டும்.