மார்க் தப்பினால் எஞ்சின் போச்சு!
டைமிங் பெல்ட் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

நம் தோட்டங்களில் சில குடும்பங்கள் சேமலாப நிதிப் பணத்தைப் போட்டுப் பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கி ஓட்டுகின்றன. பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றுவதும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அந்த வேன்தான். "புது பெல்ட் போட்டோம், ஸ்டார்ட் பண்ணினதும் படபடவென்று சத்தம், அதோட எஞ்சின் நின்னு போச்சு" என்று யாராவது வந்து சொன்னால் நமக்கு மனம் வலிக்கிறது. பெல்ட்டில் குறை இருக்காது. பெரும்பாலும் மார்க் தப்பியிருக்கும்.

மார்க் என்றால் என்ன?

எஞ்சினின் கீழே கிராங்க் ஷாஃப்ட் இருக்கிறது. அது சுற்றும்போது பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வரும். மேலே உள்ள கேம் ஷாஃப்ட் வால்வுகளைத் திறந்து மூடும். இரண்டையும் பல் வைத்த ரப்பர் பெல்ட் இணைக்கிறது. கிராங்க் 2 சுற்று சுற்றினால் கேம் 1 சுற்று சுற்ற வேண்டும். டொயோட்டா 3எல் போன்ற டீசல் எஞ்சின்களில் டீசல் பம்ப்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது.

ஒரு லொறி மட்டும் போகக்கூடிய பாலத்தில் இரண்டு லொறி எதிரெதிரே வந்தால் என்ன ஆகும்? பிஸ்டன் மேலே வரும் நேரம் வால்வு கீழே இறங்கி நின்றால் அதே கதிதான். வால்வு வளைந்து போகும். இதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு பல்சக்கரத்திலும் ஒரு கோடோ புள்ளியோ போட்டிருக்கிறார்கள். அதற்கு நேராக எஞ்சின் உடம்பிலும் ஓர் அடையாளம் இருக்கும்.

செய்யும் முறை

1. பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பழைய பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே கிராங்கைச் சுற்றி எல்லா மார்க்கையும் நேராக்குங்கள். கிராங்க், கேம், பம்ப் என்று மூன்றையும் பார்க்க வேண்டும்.

2. அழுக்கைத் துடைத்து, மார்க்குகளில் வெள்ளைப் பெயிண்ட் தொட்டு வையுங்கள். பழைய பெல்ட்டில் உள்ள கோட்டை நம்ப வேண்டாம்.

3. பெல்ட் கழன்ற பிறகு கிராங்கையோ கேமையோ தனியாகச் சுற்றக்கூடாது. பம்ப் சக்கரம் ஸ்பிரிங் வேகத்தில் தாவப் பார்க்கும்; பிடித்துக் கொள்ளுங்கள்.

4. ஒயில் சீல் கசிந்தால் இப்பவே மாற்றுங்கள். ஒயில் பட்ட பெல்ட் நாள் தாங்காது.

5. புது பெல்ட்டை மடிக்காமல், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல் கையால் போடுங்கள். தளர்வு டென்ஷனர் பக்கம் மட்டும் இருக்கலாம். மற்றப் பக்கங்கள் இறுக்கமாக நிற்க வேண்டும்.

இரண்டு சுற்று – மறக்க வேண்டாம்!

அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பெல்ட் போட்டவுடன் சாவியைத் திருப்பாதீர்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பெனர் வைத்து, எஞ்சின் வழக்கமாக ஓடும் பக்கமாக மெதுவாக 2 முழுச் சுற்று சுற்றுங்கள். கம்ப்ரெஷனால் கனமாக இருப்பது வேறு. இரும்பில் இடித்தமாதிரி சட்டென்று நிற்பது வேறு. இடித்தால் பலத்தைப் போடாமல் நிறுத்தி, திரும்பவும் பாருங்கள். இரண்டு சுற்று முடிந்ததும் எல்லா மார்க்கும் பழைய இடத்துக்கே வர வேண்டும். ஒரு பல் தள்ளி நின்றாலும் "பரவாயில்லை" என்று விடக்கூடாது. கழற்றித் திரும்பப் போடுங்கள். ஒரு பல் தப்பினால் ஸ்டார்ட் கஷ்டம், புகை, மலையேற இழுவை இல்லாமை என்று வரும். அதற்கு மேல் தப்பினால் வால்வு போய்விடும்.

சரியாக இருந்தால் டென்ஷனரை அந்த எஞ்சினுக்குச் சொன்ன முறைப்படி இறுக்குங்கள்.

வேன் சொந்தக்காரருக்கு

டொயோட்டா டீசல் வேன்கள் பலவற்றில் 100,000 கிலோமீற்றரில் பெல்ட் லைட் எரியும். அந்த லைட் தூரத்தைத்தான் எண்ணும். பெல்ட்டின் நிலை அதற்குத் தெரியாது. கைமாறி வந்த வேனில் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், முதலில் அதை மாற்றிவிடுவதே நல்லது. தேய்ந்த பெல்ட்டோடு வேனை இறக்கத்தில் தள்ளி ஸ்டார்ட் பண்ணினால் பல் தாவிவிடலாம்.

கராஜில் வேலை பழகும் தம்பிமாரே, "இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தீங்களா?" என்று வேன்காரர் கேட்டால் கோபப்பட வேண்டாம். அவர் கேட்பது ஒரு குடும்பத்தின் உழைப்புக்காக. பத்து நிமிஷப் பொறுமை அந்த உழைப்பைக் காப்பாற்றும்.