கம்பளம் பதிப்பவர்

பாயை விரித்து, விடிந்ததும் சுருட்டி மூலையிற் சாத்திவிடும் நமக்கு, தரைவிரிப்புக்கென ஒரு தொழிலாளியை அழைப்பது வியப்பாகத் தோன்றலாம். இங்கிலாந்திலோ சுவருக்குச் சுவர் தரையை மூடிப் பதிக்கும் கம்பளம் நெடுங்காலப் பழக்கம். அக்ஸ்மின்ஸ்ரர் என்னும் ஊரில் 1755 ஆம் ஆண்டு நெசவு தொடங்கியபின், அவ்வூர்ப் பெயரே ஒருவகைக் கம்பளத்துக்கும் பெயராயிற்று. கம்பளம் பதிப்பதற்கெனத் தனித் தொழிலாளர் அங்கு உளர். அவருள் நல்லவரைத் தேடிக்கொள்வது, இலண்டனைச் சூழவுள்ள கிராமங்களிலே சற்றுச் சிக்கலான காரியமாகும்.

இக்கிராமத்தவரிற் பலர் காலைப் புகையிரதத்தில் நகருக்குச் சென்று மாலை மங்கியபின் திரும்புவோர். தொழிலாளி வருவதோ பகலில். ஆகவே, வீட்டுத் திறப்பை எவரிடம் நம்பிக் கொடுப்பது என்பதே முதல் வினாவாகிறது. இதற்கு விடை விளம்பரத்தில் இல்லை. அயல் வீட்டிலே உண்டு. ஈராண்டுக்கு முன் கம்பளம் பதித்த வீடொன்றின் மாடிப்படியைப் பார்த்துவருதல் நன்று. புதிதாய்ப் பதித்தது எதுவும் அழகாகவே தோன்றும். மிதிபட்ட பின்னரும் தளராதிருப்பதே கைதேர்ந்தவர் வேலை.

பதிக்கும் முறை இதுதான். சுவரோரமாக மெல்லிய மரச்சலாகைகளை அறைவர். அவற்றிலுள்ள சிறு ஊசிகள் சுவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். நடுவில் மெத்தென்ற அடிவிரிப்பை இட்டு, அதன்மேற் கம்பளத்தை இழுத்து ஊசிகளிற் கொளுவுவர். இழுவை குறைந்தால் நாளடைவில் அலையலையாக மடிப்பு எழும். ஒரு முனையிற் பற்களும் மறு முனையில் மெத்தையுமுடைய கருவியொன்றை முழங்காலால் உதைத்தே இழுப்பர். இவ்வாறு உதைத்தும் மண்டியிட்டும் மூட்டுத் தேய்ந்தோர் பலர். இருபது ஆண்டுகள் இத்தொழில் செய்தோருக்கு வரும் முழங்கால் மூட்டுத் தேய்வைப் பிரித்தானிய அரசு 2012 இல் தொழில்வழி நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. கூலியிற் பேரம் பேசுவோர் இதனையும் நினைத்துக்கொள்ளலாம்.

அளவெடுப்பதிலேதான் பெரும் நட்டம் நேர்வதுண்டு. கம்பளம் பெரும்பாலும் 4 அல்லது 5 மீற்றர் அகலத்தில் வரும். அறை 4 மீற்றருக்கு ஒரு சாண் கூடினால், அகலமானதை வாங்கி வெட்டி எறியவேண்டும், அல்லது ஒட்டுப்போடவேண்டும். ஒட்டும்போது இரு துண்டின் இழைகளும் ஒரே திசையிற் சாயாவிடின், ஒரு நிறம் இரு நிறமாகத் தெரியும். வெட்டியதை மீண்டும் நீட்ட எவராலும் இயலாது. கடைக்காரர் அளந்து வேறொருவர் பதித்தால், பிழை ஒருவர் தலையிலிருந்து மற்றவர் தலைக்குத் தாவும். அளப்பவரே பதிப்பவராக இருத்தல் மேல்.

பழைய கம்பளத்தை அகற்றுதல், தளபாடம் நகர்த்துதல், கதவின் அடியைச் சீவுதல் ஆகியன கூலியில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கவேண்டும். தரைக்கடியில் நீர்க்குழாய் ஓடும் இடத்தையும் சொல்லிவைத்தல் அவசியம். ஓர் ஆணி போதும், வீடு வெள்ளக்காடாகும். பிரித்தானியா கல்நாரை முற்றாகத் தடைசெய்தது 1999 இலே. அதற்கு முந்திய வீடுகளின் பழைய தரையோடுகளில் அது இருக்கக்கூடும். ஆராயாமல் அவற்றை உடைத்துப் பெயர்க்க முனைபவரை உடனே நிறுத்துதல் வேண்டும்.

வேலை கவனமாகச் செய்யப்படாவிடின், மீளச் செய்விக்கவோ, அது இயலாதபோது கூலியைக் குறைக்கவோ 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. எனினும் முழுப்பணத்தையும் முற்கூட்டிக் கொடுத்துவிட்டுச் சட்டத்தைத் தேடுவது வீண் அலைச்சல். தொழிலாளி நிற்கும்போதே ஒவ்வொரு கதவையும் சாத்திப் பார்த்து, ஒவ்வொரு படியிலும் ஏறி இறங்கியபின் மீதியைக் கொடுக்கலாம். வீட்டுக்காரர் இலண்டனில் இருந்தால், திறப்பை வைத்திருக்கும் அயலவரிடம் இதனையும் ஒப்படைத்துச் செல்லவேண்டும்.